புதுநிலா மெஸ்ஸுக்கு ஒரு ஸ்டார்

குதிரைலாயச் சந்தில் ஆறுச்சாமியண்ணனின் லேத் பட்டறைக்கும் பாப்பாத்தியக்காவின் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு பொதுச் சுவர்தான் இருந்தது, அந்தச் சுவருக்காக இரண்டு பேரும் முனிசிபல் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வந்தவர்கள், அங்கே ஒரு விரல் நுழைய இடமில்லை என்பது உடுமலைப்பேட்டையில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவு திறக்கிற மாதிரி இரண்டாக விலகி, நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கடை நின்றது. மேலே 'புதுநிலா மெஸ்' என்று போர்டு. உள்ளே நாலு மேசை, அடுப்படியில் ஒரு மனிதர், கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சிறு பெண்.

ஆறுச்சாமியண்ணன் டேப் எடுத்து வந்து தன் பட்டறையை அளந்தார். பத்திரத்தில் உள்ளதற்கு ஒரு அங்குலமும் குறையவில்லை. பாப்பாத்தியக்கா அந்த டேப்பை நம்பாமல் வேறு டேப் கொண்டுவந்து மில்லை அளந்தார், அதுவும் குறையவில்லை. யாருடைய இடமும் போகாமல்தான் கடை வந்திருக்கிறது என்று தெரிந்ததும் சந்து நிம்மதியடைந்தது. "அப்ப நமக்கென்னுங்க்கா" என்று அண்ணன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். அக்கா மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டார். புதிதாகக் குடிவந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதானே. உள்ளேயிருந்த மனிதர் கொஞ்சம் யோசித்து, "இன்னும் இல்லீங்க" என்றார், இதுவரைக்கும் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் மாதிரி.

அந்தக் கடையை அங்கே கொண்டுவந்து வைத்தது நாங்கள். நாங்கள் என்றால் தாரணியும் நானும். தாரணி என்னோடு கல்லூரியில் படித்தவள், பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள், நம் மாதிரி ஊர்களில் எந்தக் கடைக்குப் போகலாம், எந்தக் கடைப்பக்கம் போகக்கூடாது என்று ஜனங்களே சொல்ல ஒரு வெப்சைட் இல்லையே என்று வேலையை விட்டுவிட்டு வந்து, அவள் மாமாவின் உரக்கடை மாடியில், யூரியா மூட்டை வாசனைக்கு மேலே இரண்டு நாற்காலியைப் போட்டு, 'கேட்டுப்பார்' என்ற கம்பெனியைத் தொடங்கினாள். புரோகிராம் எழுதுவது அவள். சொற்கள் எழுதுவது நான். எனக்குக் குரல் அவ்வளவாக எழாது, நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் முன்வரிசைக்கே கேட்காது, ஆனால் எழுதச் சொன்னால் எழுதுவேன்.

ஊர் முழுக்க நடந்து டீக்கடை, தையல்கடை, பல் டாக்டர், பஞ்சர் கடை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம். ஒரு கடைக்குக் கீழேயும் ஒரு வரி விமர்சனம் விழவில்லை. காலியான பந்தியில் முதல் ஆளாக உட்கார யாருக்குமே கூச்சமாகத்தான் இருக்கும். "ஆரம்பத்துல எல்லாருமே இப்படித்தான்டா பண்ணுவாங்க" என்றாள் தாரணி. "நாமளே கொஞ்சம் எழுதி வெப்போம். நெசமான ஆளுங்க வந்ததும் எடுத்தர்லாம்." நான் ஆட்களை உண்டாக்கினேன். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், காலேஜ் பையன் ஒருவன், தேன்மொழி என்று ஒரு குடும்பத் தலைவி. எல்லோரும் எல்லாக் கடைக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்தார்கள். தாரணி படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குடா நவநீ. எல்லாரும் நல்லவங்கன்னா எவன் நம்புவான்? நாக்கப் புடுங்கற மாதிரி ஒண்ணு வேணும்."

"யாரைத் திட்டறது? பாவம் இல்லையா?"

"இல்லாத கடையைத் திட்டு. யாருக்கு வலிக்கப்போவுது?"

எனக்கு அது பிடித்திருந்தது. ஊரில் யாரும் வைக்காத பெயராக 'புதுநிலா' என்று யோசித்தேன். கடையே வர முடியாத இடமாக அந்தப் பொதுச் சுவரின் மேல் மேப்பில் புள்ளி வைத்தேன். தேன்மொழியின் பெயரில், டீ ஆறுவதற்குள், சிரித்துக்கொண்டே எழுதினேன்:

'தயவுசெய்து போகாதீங்க. சாம்பாரில் கரப்பான் கிடந்தது. கேட்டால் அது கறிவேப்பிலை என்கிறார் ஓனர். மனுஷனுக்குச் சிரிக்கவே தெரியாது. கை கழுவும் குழாயில் தண்ணீர் வராது. கல்லாவில் இருக்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டாரே அதிகம்.'

கல்லாவில் இருக்கிற பெண்ணை நான் கடைசியில்தான் சேர்த்தேன். அந்த வரி இருந்தால் நேரில் பார்த்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆறுச்சாமியண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நான் போய் வாசலில் நின்றேன். சாம்பாரில் கரப்பான் கிடந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்த பேங்க் வாட்ச்மேன் அதைக் காட்டிக் கேட்டதும், அந்த மனிதர் கையைப் பிசைந்து, கண்ணில் நீர் முட்ட, சொல்ல விருப்பமே இல்லாமல், "அது கறிவேப்பிலைங்க" என்றார். வாட்ச்மேன் எழுந்து குழாயைத் திருகினார். அது வறட்டு மூச்சு விட்டது. என் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நான் எழுதிய அதே வரிசையில், ஒரு மனிதரின் உடம்பில் நடந்துகொண்டிருந்தன. அடுத்தது என்ன வரி என்று எனக்குத் தெரியும். கல்லாவைப் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பல மாதம் நான் அந்தக் கடைக்குள் காலை வைக்கவில்லை.

ஊருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. முனிசிபாலிட்டி இரண்டு கதவு எண்களுக்கு நடுவில் ஒரு 'ஏ' போட்டு வரி ரசீது கொடுத்தது. மின்வாரியத்திலிருந்து வந்தவர் மீட்டரைப் பார்த்து, இது எப்போது வைத்தது என்று கேட்காமல் ரீடிங்கை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அந்த மனிதரிடம் பெயரைக் கேட்டால் வெகுநேரம் தேடிவிட்டு, "ஓனருங்க" என்பார். ஊர் அவரை ஓனரண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவர் விடிவதற்கு முன்பே எழுந்து பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பார், சாம்பாரை வேட்டித் துணியில் வடிகட்டுவார், கொதிக்கும்போது பக்கத்திலேயே நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பரிமாறும்போது கரப்பான் இருக்கும். ஒரு நாள் சாம்பாரே வைக்காமல் விட்டுப் பார்த்தார். சட்டியில் சாம்பார் இருந்தது.

ஆனால் என் வரிகளில் ரசத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஓனரண்ணன் அதைத் தானாகக் கண்டுபிடித்தார். எது சொல்லப்படவில்லையோ அதில் அவருக்குக் கை தடையில்லாமல் ஓடியது. கொள்ளு ரசம் வைத்தார், சந்து முழுக்க மணந்தது. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டார். மோரில் அவர் தட்டிப்போடும் இஞ்சிக்காகவே தாராபுரம் பஸ் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார்கள். ஜனங்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவார்கள். சாம்பாரை வாங்கி இலையின் ஓரத்தில் விட்டுவிட்டு, அவர் மனம் நோகக்கூடாதென்று அவர்களே முந்திக்கொண்டு, "கறிவேப்பிலை தூக்கலா இருக்குதுங்ணா" என்பார்கள். கல்லாவில் காசை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வகிட்டைப் பார்த்து, "வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கையில் செல்போனை வைத்துக்கொண்டு அதிலேயே குனிந்திருப்பாள். ராத்திரி அவள் அப்பா தூக்கிப் படுக்க வைக்கும்போதும் கழுத்து அப்படியேதான் இருக்குமாம்.

தேன்மொழி எழுதியதைப் படிக்க ஊரே சைட்டைத் திறந்தது, எங்களுக்கு விமர்சனங்கள் குவிய ஆரம்பித்தன. புதுநிலாவுக்கு அல்ல. அந்தக் கடைக்கு நல்லதாக எழுதினால் பொய் சொன்ன பாவம், உள்ளதை எழுதினால் அந்த மனிதருக்குப் பாவம் என்று ஊரே அதை மட்டும் தொடாமல், மற்ற கடைகளைப் பற்றி எழுதித் தள்ளியது.

ஒரு நாள் ஓனரண்ணன் உரக்கடை மாடிக்கு வந்தார். ஒரு தூக்குப்போசியில் ரசம் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கண்ணு, நீங்கதான அந்த நெட்டு நடத்தறது?" என்று தாரணியிடம் கேட்டார். "தேன்மொழின்னு ஒரு அம்மிணி எழுதியிருக்காங்க. அவிக வூடு எங்கீங்க?"

தாரணி என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"எதுக்குங்ணா?" என்றாள்.

"சண்டைக்கு இல்லீங்க. எழுதுனது அத்தனையும் நெசம். கரப்பான் இருக்குது, தண்ணி வர்றதில்ல, எனக்குச் சிரிப்பும் வர்றதில்ல, கண்ணாடில முயற்சி பண்ணிக்கூடப் பாத்துட்டேன். அதெல்லாம் இருந்துட்டுப் போவுது. என்ற புள்ளைய மட்டும் எடுத்தரச் சொல்லோணும். அவ என்னுங்க பண்ணுனா? அந்த அம்மிணி சாப்புட வந்தப்ப அவளுக்குக் கழுத்து வலியோ என்னமோ. ஒரே ஒருக்கா நிமிந்து பாத்தா போதும்ங்க எனக்கு."

தேன்மொழி வெளியூர் போய்விட்டாள் என்று தாரணி சொன்னாள். அவர் தலையாட்டி, "வந்தா சொல்லுங்க, சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று போசியை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் இரண்டு பேரும் அந்த ரசத்தைத் திறக்கவில்லை. அது ஆறுகிறவரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்த வரியை எடுத்துவிடலாம்தான். ஆனால் எங்கள் சைட்டுக்குத் தாரணி மூன்று விதி வைத்திருந்தாள்: ஒருவர் ஒரு கடைக்கு ஒரு தடவைதான் எழுதலாம், எழுதியதை நாங்கள்கூடத் திருத்த முடியாது, ஆனால் நூறு பேர் 'பொய்' என்ற பொத்தானை அழுத்தினால் அந்த விமர்சனம் தானாகவே அழிந்துவிடும். பாலிடெக்னிக் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மத்தியானம் ரசத்துக்கு நன்றியாகத் தேன்மொழி மேல் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். அன்றைக்கே புதுநிலாவின் பச்சைப் பெயின்ட் வெளுத்தது, போர்டில் எழுத்து மங்கியது, ஓனரண்ணன் கரண்டியைத் தூக்கமாட்டாமல் உட்கார்ந்துவிட்டார். தாரணி ஓடி வந்து அவர்களைக் கெஞ்சி அழுத்தியதைத் திரும்ப எடுக்க வைத்ததும் பெயின்ட் பழையபடி ஏறியது. அந்தக் கடை அந்த ஒரு விமர்சனத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அது போனால் கடை போகும், கடையோடு அவர்களும் போவார்கள்.

"நூறு பேர் விதியத் தூக்கிரு" என்றேன்.

"கோயமுத்தூர்ல பேசறப்ப என்ற மொத வரியே அதுதான்டா. அதை வெச்சுத்தான் பணம் போடறவங்களையே வரச்சொல்லியிருக்கேன். முடிச்சுட்டு வந்து தூக்கிடறேன்" என்றாள் தாரணி.

அவள் கோயமுத்தூர் போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பாப்பாத்தியக்கா தன் தங்கை மகளுக்குச் சீர் வைத்திருந்தார். மண்டபம் நிறையக் கூட்டம். என் போன் அடித்தது.

"தம்பி, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டிருக்கறம்" என்றார் அக்கா. பின்னால் மேளச் சத்தம். "அந்த மனுசன் எத்தன நாளைக்குங்க அந்த எழவெடுத்த எழுத்தச் சொமப்பாரு? பந்தில உக்காந்தவங்க அத்தன பேரையும் போனைத் தொறக்கச் சொல்லீட்டேன். ஆறுச்சாமி மைக்குல சொல்லிட்டே இருக்கறான். பொய்யின்னு அமுத்தறது எதுங்க, செவப்பா இருக்குதே அதுதான?"

"அக்கா, வேண்டாம். நிறுத்துங்க. அமுத்தாதீங்க!"

"என்னுங்க தம்பி? கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கத்தியதில்லை. மேளம் என் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. "சரிங்க தம்பி, செவப்புத்தான், புரிஞ்சுது" என்று அக்கா வைத்துவிட்டார். தாரணியை அழைத்தேன், அவள் மேடையில் இருந்தாள், போன் அணைந்திருந்தது. மண்டபம் ஊரின் அந்தக் கோடி. புதுநிலா இரண்டு தெரு. ஓடினேன்.

கடையின் சுவர் ஏற்கெனவே வெங்காயத்தோல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதன் வழியாக ஆறுச்சாமியண்ணனின் லேத் மெஷின் தெரிந்தது. ஓனரண்ணன் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் கையின் வழியாக அடுப்பு தெரிந்தது. "வாங்க தம்பி, சாப்படறீங்களா?" என்றார்.

கடையில் சாப்பிட்ட ஒருவர் உள்ளதை எழுத வேண்டும். தேன்மொழியின் விமர்சனம் அழிவதற்குள் வேறொரு விமர்சனம் அங்கே இருந்தால் கடைக்கு நிற்க ஒரு கால் கிடைக்கும். அது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. பாத்திரத்திலிருந்தே ரசத்தை மொண்டு குடித்தேன். நாக்கு வெந்தது. போனை எடுத்து என் சொந்தப் பெயரில், முதல் தடவையாக, எழுத உட்கார்ந்தேன். எண்பத்தொன்று என்று காட்டியது சிவப்புப் பொத்தான்.

"எழுதறீங்களா தம்பி?" அவர் குரலும் மெலிந்திருந்தது. "புள்ளையப் பத்தி மொதல்ல எழுதுங்க."

கல்லாவுக்குப் போனேன். வகிடு தெரிந்தது, இரட்டைச் சடை தெரிந்தது, முகம் தெரியவில்லை. பார்க்காததை எழுதிய பலன்தான் எதிரே குனிந்து உட்கார்ந்திருந்தது. இனி பார்க்காமல் ஒரு சொல் எழுத மாட்டேன் என்று தரையில் மல்லாந்து படுத்து, கல்லா மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, கீழேயிருந்து அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டு வயதிருக்கும். புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, யாரும் எழுதாமலே எங்கிருந்தோ வந்தது. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. அவள் கையிலிருந்த போனில் உயிரே இல்லை. விளையாடவில்லை, படம் பார்க்கவில்லை. அந்தக் கறுத்த கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து, அதில் விழும் அடுப்படியையும் மேசைகளையும் வருகிறவர்களையும், எல்லோருக்கும் பின்னால் நிற்கிற அப்பாவையும், இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்து, "நீங்க இதுவரைக்கும் உள்ள வந்ததே இல்ல" என்றாள்.

தொண்ணூற்று நாலு. படுத்தபடியே எழுதினேன். கொள்ளு ரசம் நன்றாக இருக்கிறது, மிளகு சரியாக இருக்கிறது. கல்லாவில் ஒரு சிறுமி இருக்கிறாள், புருவத்தில் தழும்பு, ஒரு பல் விழுந்திருக்கிறது, அவள் வருகிற ஒவ்வொருவரையும் பார்க்கிறாள். தொண்ணூற்று எட்டு. அடுத்த வரி அவள் அப்பாவைப் பற்றியது. 'இந்தக் கடையின் ஓனர்' என்று தொடங்கினேன், எந்தச் சொல்லைப் போடுவது என்று விரல் நின்றது. தொண்ணூற்று ஒன்பது என்று மாறியது. தொடங்கிய மூன்று சொல்லை அழித்துவிட்டு அனுப்பினேன்.

கரண்டி தரையில் விழும் சத்தம் கேட்டது.

நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வருவதற்குள் சுவர்கள் கெட்டியாகிவிட்டன. பச்சைப் பெயின்ட் புதுசாக மின்னியது. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. சாம்பார்ச் சட்டி இல்லை, குழாய் இல்லை. கல்லாவில் அந்தப் பெண் கழுத்தை நிமிர்த்தி, முதல் தடவையாக, கண்ணாடி இல்லாமல் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை.

மண்டபத்திலிருந்து ஊரே கையில் தாம்பூலப் பையோடு சிரித்துக்கொண்டு வந்தது, ஓனரண்ணனுக்கு நல்ல சேதி சொல்ல. வாசலில் வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தேன்மொழி யார் என்பது உட்பட. குரல் எழவில்லை, ஆனாலும் அன்றைக்குக் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. பாப்பாத்தியக்கா தன் ஆள்காட்டி விரலை, அது வேறு யாருடைய விரலோ என்பது போலப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறுச்சாமியண்ணன் என் சட்டையைப் பிடித்தார், பிறகு விட்டார். "நானும்தான மைக்குல சொன்னேன்" என்றார்.

தாரணி கோயமுத்தூரிலிருந்து திரும்பினாள். பணம் போடுகிறவர்கள் கை குலுக்கியிருந்தார்கள். அவள் அதைச் சொல்லக்கூட இல்லை. நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேன்மொழியின் விமர்சனத்தைச் சேமிப்பிலிருந்து எடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தாள். நூறு பேர் பொய் என்று சொல்லிவிட்டது மறுபடி ஒட்டவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் சுவரில் தண்ணீர் வராத ஒரு குழாய் மட்டும் முளைத்திருந்தது.

"நான் எழுதறேன்" என்று சொன்னவர் பாப்பாத்தியக்காதான். "இவன் ஒருத்தனுக்குத்தான ஒரு தடவ முடிஞ்சுது? நாங்க இத்தன பேரு அந்த மனுசன் கையால சாப்ட்டிருக்கறமே. நாங்க எழுதுனா வர மாட்டாரா?"

ஊர் எழுத உட்கார்ந்தது. மில்லில் வரிசையில் நின்றவர்கள், பஸ் டிரைவர்கள், பேங்க் வாட்ச்மேன், பாலிடெக்னிக் பையன்கள் எல்லோரும் எழுதினார்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லத் தாரணி எழுதிக்கொடுத்தாள். வந்ததையெல்லாம் நான் படித்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால் முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ் போர்டு வைப்போம், அதில் போனவர் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியாக இருந்தாலும் சிரித்த முகம், பண்பின் சிகரம், பாசத்தின் திருவுருவம் என்றுதான் போடுவோம், வேறு மாதிரி போட யாருக்கும் கை வராது. அந்தக் கைதான் இதையும் எழுதியது. எப்போதும் சிரித்த முகம். எல்லோரிடமும் ஒரே அன்பு. பார்த்தாலே பசி போய்விடும். சாம்பாரில் ஒரு குறை சொல்ல முடியாது. கைகழுவும் இடத்தில் கண்ணாடி மாதிரி தண்ணீர். எல்லோரும் ஐந்து ஸ்டார். அவருக்குச் சிரிக்க வராதே என்று எனக்குப் படிக்கும்போதே தோன்றியது. ஆனால் அவ்வளவு அழுகையோடு எழுதியவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரித்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. சந்து முழுக்க வாசலில் கூடிவிட்டது. பாப்பாத்தியக்கா பாப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அந்த வாரம் முழுக்க அவள் பாப்பாத்தியக்காவின் வீட்டில்தான் இருந்தாள், ஆளில்லாத மெஸ்ஸை ஜன்னலிலிருந்து நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு. உள்ளேயிருந்து அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, ஓனரண்ணனின் உயரம், ஓனரண்ணனின் வழுக்கை. முகம் நிறையச் சிரிப்பு. "வாங்க வாங்க, எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போகோணும்" என்றார். குழாயைத் திருகினார்கள், தண்ணீர் பீறிட்டது. சாம்பாரைக் கிண்டிப் பார்த்தார்கள், பருப்பும் முருங்கைக்காயும்தான் இருந்தன. ஆறுச்சாமியண்ணன் வாய்விட்டு அழுதார். ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தாரணி என் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

பாப்பா மட்டும் நகரவில்லை.

"போ கண்ணு" என்றார் அக்கா. "அப்பா வந்துட்டாரு பாரு."

அவள் அவரைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தாள், அவசரமில்லாமல், நாங்கள் யாருமே ஓனரண்ணனை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"இவரு யாருங்க?" என்றாள்.

"அப்பாதான் சாமி. உங்கப்பா."

"இல்லீங்க" என்றாள் அவள். "எங்கப்பா எல எல்லாம் போட்டதுக்கப்பறம் திரும்பி நின்னு, வெரல்ல அந்தக் கரப்பானை எடுத்து வேட்டில மறச்சுக்குவாரு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு. எடுத்தப்பறமும் இன்னொண்ணு வந்துருக்கும், அதையும் மறச்சுக்குவாரு. ஆளு இல்லாதப்ப எம் பக்கத்துல வந்து மொகத்த ரெண்டு கையாலயும் இப்படி இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு, சிரிக்கற மாதிரி. கைய விட்டா போயிரும். திருப்பி இழுப்பாரு. இவருக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

மாவு மில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் அவரிடம் தினமும் சாப்பிட்டவர்கள், அத்தனை பேரும் அழுது எழுதியவர்கள், எங்களில் ஒருவர்கூட அந்த வேட்டியை எழுதியிருக்கவில்லை.

பாப்பாத்தியக்கா மரியாதையாக, ஒரு வெளியூர்க்காரரிடம் கேட்பது போலக் கேட்டார்: "நீங்க யாருங்க?"

அவர் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிறு பெண்ணைப் பார்த்தும் அதே சிரிப்பைச் சிரித்தார். அவள் அழ ஆரம்பித்த பிறகும் அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். வேறு எதுவும் செய்வதற்கு நாங்கள் அவருக்கு ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.